நான்காவது கலாந்திரியா

பிலாருக்கு வெளியே, நெடுஞ்சாலை திரும்புமிடத்தில்
எங்கள் ஆய்வகம்.
பெயர்ப்பலகை இல்லை.
வருகிறவர்களுக்கு வழி தெரியும்.

போலோ ஆடும் சீமான்களின்
செத்த குதிரைகளை
நாங்கள் மறுபடி பிறப்பிக்கிறோம்.
கழுத்துத் தோலில் ஒரு பயறளவு போதும்.
மீதிக்கு என் கை, ஒரு கண்ணாடி ஊசி,
யாரோ ஒரு பெட்டைக் குதிரையின் கருப்பை,
பதினொரு மாதப் பொறுமை.

கலாந்திரியா என்றொரு குதிரை.
மற்ற பறவைகளின் குரலைத்
திருப்பிப் பாடும் பறவையின் பெயர் அது.
வைத்தவன் வேறெதையோ நினைத்து வைத்திருப்பான்.
ஆட்டத்தின் நடுவே கால் முறிந்தது.
திரை கட்டி, பின்னால் வைத்துச் சுட்டார்கள்.

அதிலிருந்து ஆறு எடுத்தோம்.
ஆறும் ஒரே செம்பழுப்பு,
ஒரே கடிவாளத் திமிர்.
நெற்றிச் சுட்டி மட்டும் ஆறு விதம்:
ஒன்றுக்குப் பிறை,
ஒன்றுக்கு, சுண்ணாம்பு விரலை யாரோ
அவசரமாகத் துடைத்த மாதிரி.
தலையெழுத்தை மட்டும்
எங்களுக்கு நகலெடுக்க வராது என்று
லாயத்தில் கேலி செய்வார்கள்.

செவ்வாய்க்கிழமை, ஊரே தூங்கும் மதியத்தில்
நெலிடா வந்தாள். குதிரைப் பண்ணையில் சமையல்காரி.
கையில் கால் கிலோ ஐஸ்கிரீம் வாங்கும்
வெள்ளை தெர்மாகோல் டப்பா.
மேசைமேல் வைத்தாள். திறக்கவில்லை.

"செஃபெரினோ. ஞாயிறு ராத்திரி. மோட்டார் சைக்கிள்.
காதுக்குப் பின்னாலிருந்து எடுத்தது.
பிணவறையில் இருப்பவன் என் அக்கா மகன்,
அவனைக் காட்டிக்கொடுக்காதே."

சுவரைக் காட்டினேன்.
வக்கீல் அச்சடித்துக் கொடுத்த தாள்:
மனித மாதிரிகள் எந்நிலையிலும் ஏற்கப்படா.
அடியில் ஐந்து கையெழுத்து. ஒன்று என்னுடையது.
"எழுதத்தான் தெரியாது எனக்கு,
வாசிக்கத் தெரியும்" என்றாள்.

"வருவது குழந்தை, நெலிடா.
உன் பெயரே அதற்குத் தெரியாது."
"அவனும் அப்படித்தான் பிறந்தான்."

"ஆறு குதிரைக்கு எத்தனை கரு போயிற்றென்று..."
"எனக்கு இரண்டு போயிற்று.
அதற்குப் பிறகுதான் அவன்."

கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன்,
கண்ணியம், உரிமை, சம்மதம் என்று
திரையில் சொல் சொல்லாய் ஒளிரவிட்டு.
அந்த மதியம் அவற்றில் ஒன்றுகூட
நாக்குக்கு வரவில்லை.
டப்பாவின் மூலையில் ஈரம் கசிந்து
மேசையில் ஒரு சின்ன வட்டம்.

ஜன்னலுக்கு வெளியே மேய்ச்சல் திடல்.
எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
"அஞ்சுதான் நிக்குது.
நாலாவது எங்கே? அவன் தேய்த்துவிடுவானே, அது."

"பந்தைக் கண்டால் ஓடவில்லை.
புல்லைப் பார்த்தபடி நின்றது.
விற்றுவிட்டார்கள்."
"யாருக்கு?"

நான் ஈர வட்டத்தைப் பார்த்தேன்.
கசாப்பு லாரி எந்தப் பக்கம் திரும்பும் என்று
அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

வெகுநேரம் கழித்துச் சொன்னாள்:
"ஒரு ராத்திரி அவன் சாப்பிடவில்லை.
கேட்டதற்கு,
'நல்ல குதிரைம்மா, அது அதுவாக இருந்தது,
வேறொன்றும் தப்பு பண்ணவில்லை' என்றான்.
எனக்கு அப்போது புரியவில்லை."

பிறகு, யாரிடமோ போல:
"அவன் இடக்கைக்காரன்.
வருகிறவன் வலக்கையால் கரண்டி எடுத்தால்
தட்டிவிடுவேன்.
ஒவ்வொரு வேளையும் தட்டிவிடுவேன்.
எனக்கு என்னைத் தெரியும்."

எழுந்தாள். முந்தின நாள் அடக்கத்துக்கு
யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புச் செருப்பு,
ஒரு அளவு பெரிது;
படிகளில் அது அடித்துக்கொண்டே போனது.

டப்பாவை எடுத்துப் போகவில்லை.
மறந்தாளா, விட்டாளா, தெரியாது.

இரண்டே எட்டில் நைட்ரஜன் தொட்டி.
மூடியைத் தூக்கினால் வெண்புகை வரும்,
உள்ளே காலத்துக்கு வேலையில்லை.
பெயர் ஒட்டாத ஒரு குப்பியை
யாரும் எண்ணப் போவதில்லை.
மறுபக்கம், அதே தூரத்தில், குப்பைத்தொட்டி.

மணி நாலு. நாலரை.
மாலைப் பயிற்சிக்கு ஐந்தையும் ஓட்டிப்போனார்கள்.
நான் எழுந்திருக்கவில்லை.
உள்ளே ஐஸ் தளும்பும் ஓசை நின்றுவிட்டது.

மூடியில், ஐஸ்கிரீம் கடைக்காரனின் பூ வரைந்த பெயருக்குக் கீழே
பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது:
உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது.